எறியும் முன் திறந்து பாருங்கள்

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ கணிப்பொறி இருந்தால் அதன் விசைப்பலகையைச் சற்று உற்றுப் பாருங்கள். கீபோர்டு என்று நாம் அன்றாடம் சொல்லும் அந்தப் பலகையில் சில விசைகளின் எழுத்து அழிந்திருக்கும். சில விசைகள் எண்ணெய் தடவியது போல் பளபளக்கும். வெளிர் நிறத்தில் இருந்த பிளாஸ்டிக் மஞ்சளாகியிருக்கும். ஓரிரு விசைகள் அழுத்தினால் உள்ளே போய்ச் சோம்பலாக மேலே வரும், வராமலும் இருக்கும். 'பழசாகிவிட்டது, வேறு வாங்கிக்கொள்ளலாம்' என்று வீட்டில் யாராவது சொல்வார்கள்.

அந்த முடிவுக்கு வருமுன் அதை ஒருமுறை திறந்து பார்த்தே ஆகவேண்டும் என்பது என் கருத்து. மிச்சமாகும் பணத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பௌதிகமும் ரசாயனமும் மின்னியலும் ஒரே இடத்தில் கிடைக்கும் சிறிய ஆய்வுக்கூடம் அது. அதை மூடியபடியே குப்பையில் போடுவது, பாடப் புத்தகத்தைப் பிரித்தே பார்க்காமல் எடைக்குப் போடுவதற்குச் சமம்.

எழுத்து அழிந்தது பழுதா?

ஒரு பொருள் 'தேய்ந்துவிட்டது' என்றால், எது தேய்ந்தது, எங்கே தேய்ந்தது என்று கேட்பதுதான் விஞ்ஞானம் படிப்பவரின் முதல் வேலை. கண்ணுக்குத் தெரியும் மூன்று மாற்றங்களை முதலில் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, எழுத்து அழிதல். மலிவான பலகைகளில் எழுத்துகள் விசையின் மேற்பரப்பில் மையால் அச்சிடப்பட்டவை. விரல் பட்டுப் பட்டு மை போய்விடுகிறது. ஆனால் விசைப்பலகை கணிப்பொறிக்கு எழுத்தை அனுப்புவதே இல்லை, எண்ணைத்தான் அனுப்புகிறது. யு.எஸ்.பி. இணைப்புக்குரிய விதிப்படி ஆங்கிலத்தின் முதல் எழுத்து விசைக்கு எண் 4; இரண்டாம் எழுத்து விசைக்கு எண் 5. '4 அழுத்தப்பட்டது' என்ற செய்தி மட்டுமே கம்பி வழியே போகிறது. அதை எந்த எழுத்தாகக் காட்டுவது என்பதைக் கணிப்பொறி முடிவு செய்கிறது. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையைத் தேர்ந்துகொண்டால் அதே விசை 'அ' என்று எழுதும். ஆகவே விசையின் தலையில் உள்ள எழுத்து, வீட்டு வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை போன்றது. பெயர் அழிந்தால் வீடு இடிந்துவிட்டதாகப் பொருளில்லை. ஒரு சிறு ஒட்டுத்தாள் போதும்.

இரண்டாவது, பளபளப்பு. புதிய விசையின் மேற்பரப்பு நுண்ணிய மேடு பள்ளங்களுடன் செய்யப்படுகிறது. ஒளி அதன் மேல் பட்டுப் பல திசைகளிலும் சிதறுவதால் விசை மங்கலாகத் தெரிகிறது. விரல் உராய்ந்து உராய்ந்து மேடுகள் மழுங்கியதும், கண்ணாடியில் படுவது போல ஒளி ஒரே திசையில் திரும்புகிறது. அதைத்தான் பளபளப்பு என்கிறோம். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் இது போகாது. அழுக்கு சேர்ந்திருந்தால் நீக்கலாம். போய்விட்ட பொருளை எப்படித் திரும்ப வைப்பது?

மூன்றாவது, மஞ்சள் நிறம். பெரும்பாலான விசைப்பலகைகளின் பிளாஸ்டிக் ஏ.பி.எஸ். எனப்படுவது. அக்ரிலோநைட்ரைல், பூட்டாடையீன், ஸ்டைரீன் என்னும் மூன்று பொருள்களின் கூட்டு அது. இவற்றில் பூட்டாடையீன் பகுதி எளிதில் ஆக்சிஜனோடு சேரக்கூடியது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிரும் வெப்பமும் அதற்குத் துணை செய்ய, நாளடைவில் மஞ்சள் நிறச் சேர்மங்கள் உண்டாகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடைப் பூசி வெயிலில் வைத்து இதை வெளுப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய கணிப்பொறிகளைச் சேகரிப்போரிடையே சுமார் 2008-லிருந்து இம்முறை பரவியது. நீங்கள் இதைச் செய்யவேண்டாம் என்பேன். அந்தத் திரவம் செறிவாக இருந்தால் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். பெற்ற வெண்மையும் நிலைப்பதில்லை. வெளுத்த பலகைகள் மீண்டும் மஞ்சளாவதுண்டு. பழையதைப் புதியது போலக் காட்டுவது ஒப்பனை. பழையதை வேலை செய்யவைப்பது பழுதுபார்த்தல். நமக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

இப்படிப் பார்த்தால், நம்மை 'எறிந்துவிடலாம்' என்று நினைக்கவைத்த மூன்று குறைகளும் பலகையின் வேலையைத் துளியும் பாதிக்காதவை! உண்மையான பழுது உள்ளே இருக்கிறது.

உள்ளே இருப்பது என்ன?

சாதாரண விசைப்பலகையைத் திறந்தால் முதலில் ரப்பர் விரிப்பு ஒன்று தெரியும். அதில் ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு சிறு குமிழ். அதற்கடியில் பாலியெஸ்டர் தாள்கள் மூன்று. மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் வெள்ளித்தூள் கலந்த மையால் மின்பாதைகள் வரையப்பட்டிருக்கும். நடுத் தாளில் விசைகளுக்கு நேராகத் துளைகள் மட்டும் இருக்கும். விசையை அழுத்தினால் குமிழ் சரிந்து மேல் தாளை அழுத்துகிறது. அது துளை வழியே வளைந்து கீழ்த் தாளைத் தொடுகிறது, மின்சுற்று மூடுகிறது. கையை எடுத்ததும் குமிழ் நிமிர்கிறது, சுற்று திறக்கிறது. நீங்கள் பல்பும் பேட்டரியும் வைத்துச் செய்த அதே சோதனைதான்! இங்கே சாவிகள் 104.

அப்படியானால் 104 சாவிகளுக்கும் தனித்தனிக் கம்பி வேண்டாமா? வேண்டாம். ஊரில் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்கத் தெருப் பெயரும் கதவு எண்ணும் போதுமல்லவா? அதுபோல மின்பாதைகளை வரிசைகளாகவும் நிரல்களாகவும் அமைக்கிறார்கள். 8 வரிசைகளும் 16 நிரல்களும் இருந்தால் 128 சந்திப்புகள் கிடைக்கும். பாதைகளோ 24 மட்டுமே. பலகையிலுள்ள ஒரு சிறு சிலிக்கான் சில்லு, வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஒவ்வொரு வரிசையாகச் சோதித்து, எந்தச் சந்திப்பு மூடியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது.

இது தெரிந்துவிட்டால், பலகையைத் திறக்காமலே பாதிப் பழுதைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரே ஒரு விசை மெதுவாக மேலே வந்தால் குறை இயக்கத்தில்: அதன் குழலில் தூசியோ முடியோ சர்க்கரையோ ஒட்டியிருக்கும். விசை நன்றாக இயங்கியும் எழுத்து வரவில்லையென்றால் அதன் தொடுபுள்ளியில் அழுக்கு இருக்கலாம். பல விசைகள் ஒரே சமயத்தில் செயலிழந்தால், அவை அனைத்துக்கும் பொதுவானது எது என்று கேளுங்கள். ஒரு மின்பாதை அறுந்திருக்க வேண்டும். அல்லது அந்தப் பாதை சில்லுப் பலகையைத் தொடும் இடம் தளர்ந்திருக்க வேண்டும். உள்ளே பாதைகள் போகும் வழி மேலே விசைகள் அடுக்கியிருக்கும் வழியாகவே இருக்கவேண்டியதில்லை; அதனால் செத்த விசைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தாலும் வியக்காதீர்கள். எல்லா விசைகளுமே செத்துவிட்டால் சந்தேகம் கம்பியின் மேல் விழவேண்டும். அதில் நான்கு இழைகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு செய்திக்கு. அடிக்கடி வளையும் இடத்தில், அதாவது பலகைக்குள் கம்பி நுழையும் இடத்தில், இழை அறுவது சகஜம்.

நாணயத்தால் ஒரு சோதனை

குமிழின் ஆரோக்கியத்தை வீட்டிலேயே அளக்கலாம். விசையின் மேல் ஒரு சிறு அழிப்பான் துண்டை வைத்து, அதன் மேல் 10 ரூபாய் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். அழிப்பான் எதற்கு என்றால், நாணயம் விசையைவிட அகலமானது. அது பக்கத்து விசைகளில் இடிக்கக்கூடாது. ஒரு நாணயத்தின் எடை சுமார் 7.7 கிராம். முதலில் சில நாணயங்கள் வரை விசை அநேகமாக அசையாது. பிறகு ஒரு நாணயம் வைத்ததும் 'டக்'கென்று கீழே இறங்கிவிடும். நல்ல பலகையில் இது பெரும்பாலும் 7, 8 நாணயங்களில் நடக்கும். 8 நாணயம் என்றால் சுமார் 62 கிராம். விசையாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 0.6 நியூட்டன். அழிப்பானின் எடையையும் சேர்க்க மறக்காதீர்கள்.

குமிழ் ஏன் படிப்படியாக அமுங்காமல் திடீரென்று சரிகிறது? வளைந்த ரப்பர்ச் சுவர் ஓர் எல்லை வரை எதிர்த்து நிற்கும். எல்லை தாண்டியதும் மடங்கிவிடும். நிமிர்த்திப் பிடித்த பிளாஸ்டிக் அளவுகோலை மேலிருந்து அழுத்தினால் அது திடீரென வில்லாக வளைவதும் இதே காரணத்தால்தான். இப்போது அடிக்கடி பயன்படும் ஒரு விசையையும், யாரும் தொடாத ஒரு விசையையும் இப்படிச் சோதித்து எண்களை எழுதி ஒப்பிடுங்கள். 'தேய்ந்துவிட்டது' என்ற சொல்லுக்கு ஓர் அளவு கிடைத்துவிடும். அளவு கிடைத்த பிறகே விஞ்ஞானம் தொடங்குகிறது.

எப்படிச் சீர் செய்வது?

முதலில் கணிப்பொறியிலிருந்து கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். விசைகளின் வரிசையைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். உயரமான விசைகளின் தலைகளை, முனை வளைத்த கம்பியால் இருபுறமும் பிடித்து நேர் மேலாகத் தூக்கினால் கழன்றுவிடும். ஸ்பேஸ், என்டர் போன்ற நீண்ட விசைகளுக்கு அடியில் எஃகுக் கம்பி ஒன்று மாட்டியிருக்கும். அவற்றைக் கழற்றாமல் விடுவதே நல்லது. மடிக்கணினியின் தட்டையான விசைகளிடம் இந்த வேலை வேண்டாம். அவற்றின் மெல்லிய கொக்கிகள் ஒடிந்துவிடும்.

கழற்றிய விசைத்தலைகளைக் கை பொறுக்கும் சூடுள்ள சோப்பு நீரில் அரை மணி ஊறவைத்துக் கழுவுங்கள். கொதிநீர் கூடாது; 100 டிகிரியை நெருங்கினால் ஏ.பி.எஸ். இளகி உருமாறும். நகப்பூச்சு நீக்கும் திரவம் கூடவே கூடாது. அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும், அது இந்தப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். கழுவியவற்றை நிழலில் ஒரு நாள் முழுவதும் உலர்த்துங்கள். வெயிலில் ஏன் வைக்கக்கூடாது என்பது உங்களுக்கே தெரியும்.

பிறகு பலகையைக் கவிழ்த்துத் திருகுகளை எண்ணிக் கழற்றுங்கள். ஒன்றிரண்டு திருகுகள் ஒட்டுத்தாளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஒவ்வோர் அடுக்கையும் எடுக்கும்போது அதன் திசையைக் குறித்துவையுங்கள். ரப்பர் விரிப்பைச் சோப்பு நீரில் கழுவலாம். பாலியெஸ்டர் தாள்களை மட்டும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் லேசாகத் தொட்ட மென்துணியால் ஒற்றித் துடையுங்கள். அழுத்தித் தேய்த்தால் வெள்ளி மை உரிந்துவரும். தாள்கள் ஓரத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பங்கரையில் வைத்து இதைச் செய்யக்கூடாது.

தாளின் வால் போன்ற பகுதி சில்லுப் பலகையைத் தொடும் இடத்தை அதே பஞ்சால் துடைத்துத் திருகுகளைச் சமமாக இறுக்குங்கள். கூட்டமாகச் செத்துக்கிடந்த விசைகள் இந்த ஒரு வேலையாலேயே உயிர்பெறுவதுண்டு. மின்பாதை அறுந்திருந்தால் மல்ட்டிமீட்டரால் அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கலாம். அங்கே பற்றுவைக்க முயலாதீர்கள். பற்றுக்கோலின் முனை 300 டிகிரிக்கு மேல் சூடாகும். பாலியெஸ்டரோ 250 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். மின்னணுக் கடைகளில் கிடைக்கும் வெள்ளிப் பூச்சைப் பல்குச்சியால் ஒரு கோடு இழுத்து உலரவிட்டால் பாதை இணைந்துவிடும். குமிழே கிழிந்திருந்தால், அதே மாதிரியான இன்னொரு பழைய பலகையிலிருந்து விரிப்பை எடுத்துப் போடலாம். இரண்டு பழசு சேர்ந்து ஒரு நல்லது!

ஓர் எச்சரிக்கை. யு.எஸ்.பி. விசைப்பலகைக்கு வருவது 5 வோல்ட் மட்டுமே. கம்பியைப் பிடுங்கிவிட்டால் அதுவும் இல்லை. அதனால்தான் இதை உங்கள் கையில் துணிந்து கொடுக்கிறேன். இந்தத் துணிச்சலைக் கணிப்பொறியின் மின்வழங்கிப் பெட்டியிடமோ, பழைய குழல் திரையிடமோ, லித்தியம் பேட்டரியிடமோ காட்டாதீர்கள். முதலிரண்டும் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஆபத்தான மின்னூட்டத்தைத் தேக்கிவைத்திருக்கும். மூன்றாவது குத்துப்பட்டால் தீப்பிடிக்கும்.

'சில நூறு ரூபாய்க்குப் புதிதே கிடைக்குமே!'

இந்தக் கேள்வி நியாயமானது. அரை நாள் உழைப்பையும் ஆல்கஹாலின் விலையையும் கூட்டினால் புதிய பலகை வாங்குவதே லாபம் என்று கணக்குக் காட்டலாம். ஆனால் அந்தக் கணக்கில் இரண்டு வரிகள் விடுபட்டிருக்கின்றன.

ஒன்று, எறிவதன் செலவு. ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். உங்கள் ஒரு பலகையால் இந்த மலை வளரவும் போவதில்லை, குறையவும் போவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலை என்பது ஒவ்வொன்றாக எறியப்பட்டவற்றின் கூட்டுத்தொகைதானே!

இரண்டாவது வரி எனக்கு இன்னும் முக்கியமானது. கல்லூரியில் முதலாண்டு ஆய்வுக்கூடத்துக்கு வரும் மாணவர்களில் பலர் ஓம் விதியைத் தலைகீழாகச் சொல்வார்கள். மின்சுற்று வேலை செய்யாவிட்டால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, 'சார், கருவி கெட்டுவிட்டது' என்பார்கள். எந்த இணைப்பு, எந்தக் கம்பி என்று தேடத் தோன்றாது. இது அவர்கள் குற்றமன்று. கெட்டுப்போன ஒன்றைத் திறந்து காரணம் தேடும் வாய்ப்பை நாம் அவர்களுக்குக் கொடுத்ததே இல்லை. பாட்டி காலத்தில் தையல் எந்திரத்துக்கு எண்ணெய் விட்டார்கள். அப்பா காலத்தில் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அப்படித் திறந்து பார்க்க எளிதான பொருள்களில் ஒன்று விசைப்பலகை. அதையும் பறித்துக்கொண்டால், விஞ்ஞானம் அவர்களுக்குக் கேள்வித்தாளில் மட்டுமே இருக்கும்.

திருகா, உருக்கிய பிளாஸ்டிக்கா?

இதில் உற்பத்தியாளர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஐ.பி.எம். நிறுவனம் 1985-இல் கொண்டுவந்த 'மாடல் எம்' என்ற விசைப்பலகை இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. ரப்பர்க் குமிழுக்குப் பதில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு வில்சுருள். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அவற்றில் பல உழைக்கின்றன. அதற்கும் ஒரு பலவீனம் இருந்தது. உள்தகடுகளை இணைத்தவை திருகுகள் அல்ல. உருக்கி அமுக்கிய பிளாஸ்டிக் முளைகள். வயதாக ஆக அவை ஒடிந்தன. வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த இடங்களில் துளையிட்டுச் சிறிய திருகாணிகளையும் மரைகளையும் மாட்டிக்கொண்டார்கள். தயாரித்தவர் விட்ட குறையைப் பயன்படுத்தியவர் தீர்த்தார். இன்று பல மடிக்கணினிகளில் விசைப்பலகையே மேல்மூடியோடு உருக்கி இணைக்கப்படுகிறது. ஒரு விசை கெட்டால் மூடி முழுவதையும் மாற்றவேண்டும். திருகினால் கழலக்கூடிய பொருளையே கேட்டு வாங்குவோம் என்று வாங்குபவர்கள் சொல்லவேண்டும்.

நம் நாட்டில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய 2022-இல் ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. நல்ல தொடக்கமே. ஆனால் திருப்புளி பிடிக்கத் தெரியாத தலைமுறைக்குப் பழுதுபார்க்கும் உரிமை எதற்குப் பயன்படும்? நீந்தத் தெரியாதவருக்குக் குளத்தில் இறங்க அனுமதி கொடுத்தது போலத்தான் ஆகும்.

எனவே பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். கணிப்பொறி அறையின் மூலையில் கிடக்கும் கெட்ட விசைப்பலகைகளைக் கழிவென்று எழுதித் தள்ளுமுன், ஒரு வகுப்புக்கு இரண்டு பலகை, ஒரு திருப்புளி, ஒரு மல்ட்டிமீட்டர் என்று கொடுத்துப் பாருங்கள். ஐந்து பலகைகளில் மூன்று பிழைத்தாலும், இரண்டு பேர் பங்குபோட்ட இடத்தில் ஆளுக்கொன்று கிடைக்கும். பிழைக்காத இரண்டும் வீணல்ல. அவற்றின் குமிழ்களும் தாள்களும் திருகுகளும் அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு உதிரிப் பாகங்கள்.

நண்பர்களே, நீங்கள் திறக்கும் எல்லாப் பலகைகளும் பிழைக்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன். சில்லு எரிந்திருந்தால் வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அப்போது அதை மின்கழிவு பெற்றுக்கொள்வோரிடம் ஒப்படையுங்கள். ஆனால் ஏன் பிழைக்கவில்லை என்பதற்கு உங்களிடம் ஒரு காரணம் இருக்கவேண்டும். 'கெட்டுவிட்டது' என்பது காரணமாகாது. 'மூன்றாம் வரிசையின் பாதை அறுந்திருந்தது; இணைத்தேன்; அப்படியும் வரவில்லை; ஆகவே சில்லில்தான் குறை' என்று சொல்ல முடிந்தால் நீங்கள் தேர்வில் வென்றுவிட்டீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை, வீட்டாரிடம் அனுமதி பெற்றுக்கொண்டு, ஒரு திருப்புளியுடன் தொடங்குங்கள்.